பெரிகோர் கிராமத்து உணவகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்ஸின் தென்மேற்கில் இருக்கும் தோர்தோஞ் மாவட்டத்துக்குப் பழைய பெயர் பெரிகோர். உள்ளூர்க்காரர்கள் இன்றும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். லாஸ்கோ குகை ஓவியங்கள், சார்லா நகரின் கல் வீடுகள், ஆற்றங்கரைக் கோட்டைகள் என்று பார்ப்பதற்கு நிறைய உண்டு. ஜூலை, ஆகஸ்டில் பாரிஸிலிருந்து காரில் வரும் தமிழ்க் குடும்பங்களும், ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு சுற்றுபவர்களும் இருக்கிறார்கள். என்னிடம் குகை, கோட்டை பற்றிக் கேட்பவர்கள் குறைவு. சாப்பாட்டைப் பற்றித்தான் கேள்வி வரும், அதுவும் ஒரே கேள்விகள். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பிரெஞ்சுப் பெயர்களை, காதில் விழுகிற மாதிரி தமிழில் எழுதியிருக்கிறேன்.

எத்தனை மணிக்குப் போனால் சாப்பாடு கிடைக்கும்?

மதியம் 12 மணி முதல் ஒன்றரை வரை. இரவு ஏழு, ஏழரை முதல் ஒன்பது வரை. கடை இரண்டு மணி வரை திறந்திருக்கும் என்று எழுதியிருந்தாலும் அடுப்பை அதற்கு முன்பே அணைத்துவிடுவார்கள். ஒன்றே முக்காலுக்குப் போய் நின்றால் பாதி இடங்களில் இல்லை என்று தலையாட்டிவிடுவார்கள். திமிர் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான கிராமத்து உணவகங்களில் கணவன் சமைக்க, மனைவி பரிமாற, கூட ஒருவர் பாத்திரம் கழுவ, அவ்வளவுதான் ஆட்கள். காலையில் சந்தைக்குப் போனவர்கள் மதியம் கொஞ்சம் ஓய்வெடுத்துவிட்டு மாலையில் மறுபடி நிற்க வேண்டும்.

ஞாயிறு இரவும் திங்கட்கிழமையும் பல இடங்கள் மூடியிருக்கும். நவம்பர் முதல் ஈஸ்டர் வரை மொத்தமாகக் கதவடைக்கும் கடைகளும் உண்டு. குளிர்காலத்தில் போவதாக இருந்தால் கிளம்புவதற்கு முன் ஒரு போன் போட்டுவிடுங்கள்.

சின்ன ஊர்தானே, முன்பதிவு எல்லாம் எதற்கு?

சின்ன ஊர் என்பதால்தான். இருபது, முப்பது நாற்காலிதான் இருக்கும். வருகிற ஆட்களைக் கணக்குப் போட்டே சமைக்கிறார்கள். காலையில் கூப்பிட்டு எத்தனை பேர், எத்தனை மணி என்று சொன்னால் போதும். ஞாயிறு மதியம் உள்ளூர்க் குடும்பங்கள் தாத்தா பாட்டியோடு வந்து உட்காரும் நேரம். அதற்கு இரண்டு நாள் முன்பே சொல்லுங்கள். ஆறு பேர் என்று சொல்லிவிட்டு பத்துப் பேராகப் போவது நம் வீடுகளில் சகஜம். அங்கே உண்மையிலேயே இடமும் இருக்காது, சாப்பாடும் இருக்காது.

பிரெஞ்சு தெரியாதே என்று தயங்க வேண்டாம். இந்த மாவட்டத்தில் பிரிட்டிஷ்காரர்கள் நிறையப் பேர் வீடு வாங்கிக் குடியேறியிருக்கிறார்கள். அதனால் மற்ற கிராமப்புறங்களைவிட இங்கே ஆங்கிலம் கொஞ்சம் ஓடும்.

வாசல் பலகையில் மெனு ஒரு விலை, உள்ளே கார்த் வேறு விலை. ஏமாற்றுகிறார்களா?

இல்லை. இங்கே மெனு என்றால் முழுச் சாப்பாடு: முதல் தட்டு, முக்கியத் தட்டு, இனிப்பு எல்லாம் சேர்த்து ஒரே விலை. கார்த் என்பது தனித்தனியாக ஆர்டர் செய்யும் பட்டியல். ஃபோர்முல் என்று எழுதியிருந்தால் மூன்றில் இரண்டு மட்டும். ஆந்த்ரே என்பது முதல் தட்டு. அமெரிக்காவிலிருந்து வருபவர்கள் இதை முக்கியத் தட்டு என்று நினைத்து ஆர்டர் செய்துவிட்டு, வந்த அளவைப் பார்த்து விழிப்பார்கள்.

நீங்கள் தேட வேண்டியது மெனு து ஜூர், அதாவது அன்றைய சாப்பாடு. வேலை நாட்களில் மதியம் மட்டும்தான் இருக்கும், சுமார் 15 முதல் 20 யூரோ. அதே சமையலறையில் இரவுச் சாப்பாடு 30 யூரோவுக்கு மேல் போகும். ஆகவே மதியம் வெளியே சாப்பிட்டுவிட்டு இரவு தங்குமிடத்தில் ரொட்டி, சீஸ், பழம் என்று முடித்துக்கொள்ளுங்கள். காசும் மிச்சம், வயிறும் நன்றி சொல்லும்.

நல்ல கடை என்று வெளியிலிருந்தே எப்படித் தெரிந்துகொள்வது?

நான் முதலில் பார்ப்பது வண்டி நிறுத்தும் இடத்தை. பன்னிரண்டே காலுக்கு எலக்ட்ரீஷியன், கொத்தனார், தபால்காரர் வண்டிகள் வரிசையாக நின்றால் யோசிக்காமல் உள்ளே போகலாம். இவை தொழிலாளர் சாப்பிடும் இடங்கள். சூப் பெரிய சட்டியில் மேசைக்கே வரும், வேண்டிய அளவு நாமே ஊற்றிக்கொள்ளலாம். தேர்வு அதிகம் இருக்காது. சில இடங்களில் கால் லிட்டர் ஒயினும் அந்த விலைக்குள்ளேயே அடக்கம்.

அடுத்து, பலகையின் நீளம். கரும்பலகையில் சாக்பீஸால் மூன்று ஆந்த்ரே, மூன்று முக்கியத் தட்டு என்று எழுதியிருந்தால் நல்ல அறிகுறி. நான்கு மொழியில், வண்ணப் படத்தோடு, நாற்பது அயிட்டம் போட்டிருந்தால் நடையைக் கட்டுங்கள். சார்லாவின் நடுத்தெருவிலும் லாஸ்கோவுக்குப் போகும் வழியிலும் இப்படி உண்டு. மோசம் என்று சொல்லமாட்டேன், வாத்தை டின்னில் வாங்கிச் சூடுபண்ணித் தருவார்கள், அவ்வளவுதான்.

கூரை போட்ட ஒரு பாத்திரம் வரைந்த சின்னத்தைப் பார்ப்பீர்கள். அது ஃபே மேசோன், 2014இல் வந்த சட்டப்படியான முத்திரை. சமைக்காத மூலப்பொருளை வாங்கி அங்கேயே சமைத்தது என்று பொருள். ஆனால் பச்சையாக உறையவைத்த பொருளும் அதில் சேரும், வெளியில் வாங்கிய ரொட்டியும் சீஸும் கூடச் சேரும். நம்பலாம், கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம்.

உள்ளே போனதும் காலி மேசையில் உட்கார்ந்துவிடலாமா?

வேண்டாம். முதலில் போன்ஜூர் சொல்லுங்கள், இரவானால் போன்சுவார். பிறகு அவர்கள் இடம் காட்டும்வரை நில்லுங்கள். அந்த வணக்கத்தை விட்டுவிட்டு நேராக "நாலு பேருக்கு மேசை" என்று ஆரம்பித்தால் முகம் சுருங்கும். பாதிப் பேர் சொல்லும் "பிரெஞ்சுக்காரர்கள் சிடுமூஞ்சிகள்" புகார் இந்த ஒரு சொல்லில் தீர்ந்துவிடும் என்பது என் கருத்து. பரிமாறுபவரைக் கூப்பிட விரல் சொடுக்கவோ கார்ஸோன் என்று கத்தவோ கூடாது. கண்ணில் படும்போது கையை லேசாக உயர்த்தி சில் வூ ப்ளே (தயவுசெய்து) என்றால் வருவார்.

தண்ணீருக்கும் ரொட்டிக்கும் தனியாகக் காசா?

சாப்பாட்டோடு கேட்கும் குழாய்த் தண்ணீர் இலவசம், ரொட்டியும் அப்படியே. ஆனால் வெறுமனே தண்ணீர் என்று கேட்டால் பாட்டில் வந்துவிடும், அதற்குக் காசு. உன் கராஃப் தோ, அதாவது ஒரு குடுவைத் தண்ணீர், என்று கேளுங்கள். ரொட்டி தீர்ந்தால் கூடையைக் காட்டினால் போதும். ரொட்டியைத் தட்டின் ஓரத்தில் இல்லாமல் மேசைத்துணி மேலேயே வைப்பார்கள், அதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். கடைசிச் சாற்றை ரொட்டியால் துடைத்துச் சாப்பிடலாம், கிராமத்தில் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

அந்தப் பக்கம் என்னதான் ஸ்பெஷல்?

வாத்து. கொஞ்சம் கூஸ் என்கிற பெரிய வாத்து. மறுபடி வாத்து. நார்மண்டியில் வெண்ணெய், தென்கிழக்கில் ஆலிவ் எண்ணெய் என்றால் இங்கே வாத்துக் கொழுப்புதான் தாளிக்கும் எண்ணெய். கொன்ஃபி என்பது வாத்துத் தொடையை உப்பில் ஊறவைத்து, அதன் கொழுப்பிலேயே மெதுவாக வேகவைத்து, அதே கொழுப்பில் மூடி மாதக்கணக்கில் வைப்பது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்துக் கெட்டுப்போகாத வழி. பரிமாறும்போது மேல்தோலை மொறுமொறுப்பாக்கித் தருவார்கள். கூடவே பொம் சார்லாதேஸ்: வட்டமாக அரிந்த உருளைக்கிழங்கை வாத்துக் கொழுப்பில் வறுத்து, பூண்டும் பார்ஸ்லியும் தூவியது. நம் உருளை வறுவல் பிடித்தவர்கள் இதில் மயங்கிவிடுவார்கள்.

மாக்ரே என்றால் வாத்தின் மார்புக் கறி, மாட்டு ஸ்டேக் மாதிரி வாட்டித் தருவது. சலாத் பெரிகூர்தினில் வாத்தின் இரைப்பைத் துண்டுகள், அக்ரூட், சில சமயம் ஃபுவா க்ரா (கொழுக்கவைத்த வாத்தின் ஈரல்) எல்லாம் இருக்கும். தூரேன் என்பது பூண்டு சூப். வாத்துக் கொழுப்பில் பூண்டை வதக்கி, முட்டை கலந்து, துளி வினிகர் விட்டு, ரொட்டித் துண்டின் மேல் ஊற்றுவார்கள். மழை நாளில் இதற்கு ஈடு இல்லை. பக்கத்து மேசைப் பெரியவர் சூப்பின் அடியில் சிவப்பு ஒயினை ஊற்றி, கிண்ணத்தைத் தூக்கி அப்படியே குடித்தால் ஆச்சரியப்படாதீர்கள். அதற்கு ஷப்ரோ என்று பெயர், இந்தப் பக்கத்து விவசாயிகளின் பழைய வழக்கம்.

ஆட்டுப்பால் சீஸ் கபேக்கு, அக்ரூட் கேக், மே மாத ஸ்ட்ராபெர்ரி, மழைக்குப் பின் வரும் செப் காளான் ஆம்லெட் ஆகியவற்றையும் விடாதீர்கள். பெரிகோர் அக்ரூட்டுக்கும் ஸ்ட்ராபெர்ரிக்கும் புவிசார் பாதுகாப்பு முத்திரை இருக்கிறது.

நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டோம். எந்தெந்தப் பெயரைத் தவிர்க்கணும்?

பெஃப் மாடு, வோ கன்று. இது பலருக்குத் தெரியும். சிக்கல், விலங்கின் பெயரே இல்லாமல் எழுதும்போது: ஆந்த்ரகோத், பவெத், ஓங்க்லே, ஃபோஃபிலே எல்லாம் மாட்டின் வெவ்வேறு பகுதிகள். ஸ்டேக் ஆஷே கொத்தின மாட்டிறைச்சி. பிளாங்கெத் பெரும்பாலும் கன்று. ரி து வோ என்பதில் ரி என்ற ஓசையைக் கேட்டு அரிசி என்று நினைத்து ஆர்டர் செய்தவர் உண்டு. அது கன்றின் கழுத்துச் சுரப்பி. பிரான்சில் உணவகங்கள் இறைச்சி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று எழுத வேண்டும் என்பதால், சுவரில் மாட்டியிருக்கும் அந்தப் பட்டியலும் துப்புத் தரும்.

பன்றி வேண்டாம் என்பவர்கள் லார்தோன், ஜாம்போன், ஆந்துயெத் மூன்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். லார்தோன் சாலட்டில் சொல்லாமலே வந்து விழும்.

ஹலால் கிடைக்குமா?

கிராமத்து உணவகத்தில் எதிர்பார்க்க வேண்டாம். பெரிகே, பெர்ஜராக் போன்ற நகரங்களில் கெபாப் கடைகளும் ஹலால் இறைச்சிக் கடைகளும் உண்டு. மற்ற இடங்களில் மீன்தான் வழி: ட்ரூயித் என்கிற ஆற்று மீன், சாந்த்ர் என்கிற நன்னீர் மீன். சாந்த்ர் சாஸில் ஒயின் சேர்ப்பது சகஜம், முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அம்மா சுத்த சைவம், முட்டைகூட கிடையாது. சமாளிக்க முடியுமா?

முட்டை சாப்பிடுபவர் என்றால் முடியும். முட்டையும் இல்லை என்றால் கஷ்டம்தான், நேராகவே சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன வாத்துக் கொழுப்பு விவகாரத்தை யோசித்துப் பாருங்கள்: உருளைக்கிழங்கு அதில், பூண்டு சூப் அதில், காளான் வதக்கலும் அதில். பார்க்கச் சைவமாகத் தெரிவது எதுவும் சைவமாக இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. வெஜிதாரியன் என்று சொன்னால் மீன் கொண்டுவரும் இடங்களும் உண்டு. "இறைச்சி இல்லை, மீன் இல்லை, வாத்துக் கொழுப்பு இல்லை" என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள், அதுவும் முந்தின நாள் போனில். முன்கூட்டியே சொன்னால் பெரும்பாலான சமையல்காரர்கள் ஏதாவது நல்லதாகவே செய்து தருவார்கள். கடைக்குள் நின்று சொன்னால் பச்சை இலையும் தக்காளியும்தான்.

வழக்கமாகத் தப்பிக்க வைப்பது சலாத் து ஷெவ்ர் ஷோ: சூடான ஆட்டுப்பால் சீஸ், ரொட்டி, அக்ரூட், சில சமயம் தேன். லார்தோன் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். இன்னொன்று, மிகக் கண்டிப்பானவர்களுக்கு மட்டும்: இங்குள்ள பாரம்பரிய சீஸ்கள் கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறையில்தான் உறைகின்றன. அது ஆகாது என்றால் ஹோட்டல் எடுக்காமல் சமையலறை உள்ள ஜித், அதாவது விடுமுறை வீடு ஒன்றை வாடகைக்கு எடுங்கள். சார்லாவில் புதனும் சனியும் சந்தை. காய்கறிக்குக் குறைவே இல்லை.

காரமே இருக்காதா?

இருக்காது. மிளகு கேட்டால் தருவார்கள். திஜோன் கடுகுச் சாந்து மூக்கில் ஏறும், அதைக் கேளுங்கள். பையிலிருந்து ஊறுகாய் பாட்டிலை எடுத்து மேசையில் வைப்பதை மட்டும் தவிர்க்கலாம். சமைத்தவர் அங்கேயே எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

கறி உள்ளே சிவப்பாக, வேகாத மாதிரி வந்தது. திருப்பி அனுப்பலாமா?

அனுப்பலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். ஆனால் ஆர்டர் எடுக்கும்போதே கேட்டிருப்பார்கள், நாம் புரியாமல் தலையாட்டியிருப்போம். ப்ளே என்றால் கிட்டத்தட்டப் பச்சை, சேஞான் இரத்தச் சிவப்பு, அ புவான் நடுத்தரம், பியான் குயி நன்றாக வெந்தது. அ புவான் என்று கேட்டாலும் நம் கண்ணுக்குச் சிவப்பாகத்தான் இருக்கும். மாக்ரேயை ரோசாவாக, உள்ளே இளஞ்சிவப்பாகத் தருவதுதான் அவர்கள் வழக்கம். முழுக்க வேகவைத்தால் ரப்பர் ஆகிவிடும் என்பதும் உண்மை. சிவப்பே பிடிக்காதவர்கள் கொன்ஃபி வாங்குங்கள். அது எப்போதும் எலும்பிலிருந்து கழன்று விழும் அளவுக்கு வெந்திருக்கும்.

ஒரு சாப்பாட்டை வாங்கி இரண்டு பேர் சாப்பிடலாமா? மிச்சத்தைக் கட்டித் தருவார்களா?

ஒரு மெனுவை இரண்டு பேருக்குப் பிரிப்பது அங்கே நன்றாக எடுத்துக்கொள்ளப்படாது. பசி இல்லாதவர் ப்ளா து ஜூர், அதாவது அன்றைய ஒரு தட்டு மட்டும் வாங்கலாம், அது பத்துப் பன்னிரண்டு யூரோவில் முடியும். இனிப்புக்கு இரண்டு கரண்டி கேட்பதில் தப்பில்லை. மிச்சத்தைப் பொறுத்தவரை, 2021 ஜூலை 1 முதல் வாடிக்கையாளர் கேட்டால் கட்டிக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கிராமத்தில் கேட்பவர்கள் குறைவு என்பதால் கொஞ்சம் வியப்பாகப் பார்க்கலாம். கேளுங்கள்.

பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும்? ஒருத்திக்கு நட்ஸ் அலர்ஜி வேறு.

மெனு ஆன்ஃபான் என்று குழந்தைகளுக்குத் தனியாக, பத்து யூரோ அளவில் உண்டு. பெரும்பாலும் ஸ்டேக் ஆஷேயும் பொரித்த உருளையும், அல்லது ஜாம்போனும் உருளையும். முதலாவது மாடு, இரண்டாவது பன்றி. மேலே சொன்ன பட்டியலைப் பாருங்கள். பெரியவர்களின் தட்டிலிருந்து பாதி அளவு தர முடியுமா என்று கேட்டால் பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள்.

அலர்ஜி விஷயத்தில் இந்தப் பகுதியில் கூடுதல் கவனம் வேண்டும். அக்ரூட் கேக்கிலும் சாலட்டிலும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அக்ரூட் எண்ணெய் சாலட் சாஸில் தெரியாது, இங்கே அது அன்றாட எண்ணெய். ஐரோப்பிய விதிப்படி 14 ஒவ்வாமைப் பொருட்கள் எந்தத் தட்டில் இருக்கின்றன என்று உணவகம் எழுத்தில் வைத்திருக்க வேண்டும். அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள், வாய் வார்த்தையில் விட்டுவிடாதீர்கள்.

ஒயின் வாங்காவிட்டால் மரியாதைக் குறைவா? வாங்கினால் வண்டி ஓட்டலாமா?

மரியாதைக் குறைவு எதுவும் இல்லை, கராஃப் தண்ணீரோடு சாப்பிடும் பிரெஞ்சுக்காரர்கள் ஏராளம். குடிப்பவர்கள் பெர்ஜராக் பக்கத்துச் சிவப்பு ஒயினைச் சின்னக் குடுவையில் கேட்கலாம். மொன்பஸியாக் என்பது இனிப்பு வெள்ளை. ஓட்டுபவருக்கு இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் வரம்பு, புதிதாக லைசன்ஸ் எடுத்தவருக்கு 0.2. இந்தக் கிராமங்களுக்கு மதியம் பேருந்து கிடையாது என்பதால் யாரோ ஒருவர் ஓட்டித்தான் ஆக வேண்டும். யார் என்று ஆர்டர் செய்யும் முன்பே முடிவு செய்யுங்கள்.

சாப்பிட்டு அரை மணி ஆகியும் பில் வரவில்லை. டிப்ஸ் எவ்வளவு?

கேட்டால்தான் வரும். கேட்காமல் நீட்டுவது போகச் சொல்வதற்குச் சமம் என்பது அவர்கள் எண்ணம். லதிசியோன் என்று கேளுங்கள், அல்லது எழுந்து போய்க் கல்லாவிலேயே கொடுங்கள். சேவைக் கட்டணமும் வரியும் போட்ட விலைக்குள்ளேயே இருக்கின்றன. பிடித்திருந்தால் ஒன்றிரண்டு யூரோ நாணயம் வைக்கலாம். காபி இனிப்புக்குப் பிறகுதான் வரும், அதுவும் பால் இல்லாமல் சின்னக் கோப்பையில்.

ஆகஸ்டில் ட்ரஃபிள் ஆம்லெட் என்று 28 யூரோ போட்டிருந்தார்கள். வாங்கலாமா?

நான் வாங்க மாட்டேன். பெரிகோரின் பெயர் சொல்லும் கறுப்பு ட்ரஃபிள், ஓக் மர வேரடியில் நாய் மோப்பம் பிடித்துத் தோண்டும் காளான், டிசம்பர் முதல் மார்ச் வரைதான். கோடையில் வருவது வேறு இனம், வாசனை மெல்லியது, விலையும் குறைவு. ஆகஸ்டில் மூக்கைத் துளைக்கும் வாசனை வந்தால் அநேகமாகச் செயற்கை நறுமணம் கலந்த எண்ணெய். ஜனவரியில் போகிறவர்கள் சார்லா சனிச் சந்தையில் ட்ரஃபிளைப் பார்க்கலாம், ஆம்லெட்டையும் அப்போது சாப்பிடுங்கள்.

ஃபுவா க்ரா கொடுமை என்கிறார்கள். அதைத் தவிர்த்துவிட்டு மாக்ரே சாப்பிட்டால் சரிதானே?

இந்தக் கேள்விக்குப் பலர் விரும்பாத பதில்தான் இருக்கிறது. ஃபுவா க்ரா என்பது, குழாய் வைத்து மக்காச்சோளம் ஊட்டிக் கொழுக்கவைத்த வாத்தின் ஈரல். மாக்ரே என்ற பெயரை பிரான்சில் அப்படிக் கொழுக்கவைத்த பறவையின் மார்புக்கு மட்டும்தான் பயன்படுத்தலாம். இந்தப் பகுதியின் கொன்ஃபியும் இரைப்பையும் பெரும்பாலும் அதே வாத்துதான். ஆக ஈரலை மட்டும் ஒதுக்குவதில் கணக்கு ஒத்துப்போகாது.

பிரிட்டன், ஜெர்மனி, இத்தாலியில் இந்த வளர்ப்புக்குத் தடை. இந்தியா 2014இல் இறக்குமதியையே நிறுத்தியது, அதனால் ஊருக்கு டின் வாங்கிப் போகும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். பிரான்சில் 2006 முதல் இதைப் பாதுகாக்கப்பட்ட பண்பாட்டு மரபாகச் சட்டமே சொல்கிறது. பண்ணையில் நேரில் பார்க்க அனுமதிக்கும் இடங்கள் இருக்கின்றன. பார்த்துவிட்டு முடிவு செய்பவர்களை நான் மதிக்கிறேன். வேண்டாம் என்பவர்களுக்குக் கோழி, ஆடு, மீன் என்று ஏதாவது ஒன்று பெரும்பாலான பலகையில் உண்டு.

ஃபெர்ம் ஓபெர்ஜ் என்று வழியில் பலகை பார்த்தோம். அதுவும் உணவகமா?

பண்ணை வீட்டிலேயே சமைத்துப் போடும் இடம். அவர்கள் வளர்த்தது, விளைந்ததுதான் தட்டில் பெரும்பாலும் வரும். தேர்வு கிடையாது, முன்பதிவு கட்டாயம், ஐந்து சுற்று வரலாம், சில இடங்களில் ரொக்கம் மட்டும். சைவக்காரர் கூட இருந்தால் முன்பே பேசாமல் போகாதீர்கள். என்னைக் கேட்டால், ஒரே ஒரு முறைதான் வெளியே சாப்பிட முடியும் என்றால் இங்கே போங்கள்.

கோட்டை பார்த்து முடிக்கவே மூன்று மணி ஆகிவிட்டது. பசிக்கிறது, எல்லாம் மூடிக்கிடக்கிறது. இப்போது என்ன?

முதல் கேள்வியில் சொன்னபடி உணவகம் கிடைக்காது. கிராமத்து ரொட்டிக் கடையும் மதியம் மூடி மூன்றரை, நான்குக்குத்தான் திறக்கும். ஊருக்கு வெளியே இருக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கு வண்டியை விடுங்கள், அவை பெரும்பாலும் மதியம் மூடுவதில்லை. சுற்றுலா ஊர்களில் க்ரெப் (மெல்லிய தோசை மாதிரி) கடைகள் நாள் முழுக்க இருக்கும், சைவக்காரர்களுக்கும் அங்கே ஏதாவது கிடைக்கும், முட்டை சேரும் என்றாலும்.

ஜூலை, ஆகஸ்ட் என்றால் அதை வைத்து மாலைவரை தள்ளுங்கள். ஓத்ரிக்ஸ், பெல்வேஸ் போன்ற ஊர்களில் வாரம் ஓர் இரவு சதுக்கத்தில் நீள மேசை போட்டுச் சாப்பாட்டுச் சந்தை நடக்கும். ஒருவரிடம் வாத்து, ஒருவரிடம் பொரித்த உருளை, ஒருவரிடம் ஸ்ட்ராபெர்ரி என்று வாங்கி ஒரே மேசையில் வைத்துச் சாப்பிடலாம். எந்த ஊரில் எந்தக் கிழமை என்று சுற்றுலா அலுவலகத்தில் தாள் தருவார்கள். தட்டு, டம்ளர், கத்தி, முள்கரண்டி நாமே கொண்டுபோக வேண்டும். ஏழு மணிக்கே போய் மேசையில் துணி விரித்து இடம் பிடித்துவிடுங்கள், எட்டரைக்குப் போனால் நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டியிருக்கும்.